பார்த்துக் கொடுங்கள் என்றவள்

வெள்ளூரணியில் மங்கையர்க்கரசி முதன்முதலாகக் குறைந்தது தை மாதத்து முகூர்த்த நாளொன்றின் முற்பகலில், தங்கமாரியப்பனுடைய அச்சகத்தில் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான். இரும்புக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த வாழ்த்துமடல், ரோஜா நிறத் தாளில் பொன்னெழுத்தாக ஏறி, கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைபட்டு, மணமேடையில் வாசிக்கப்படுவதற்காகக் காரில் புறப்பட்டுப் போயிருந்தது. "எவ்வளவும்மா வேணும், சொல்லு" என்று தங்கமாரியப்பன் கேட்டார். கேட்கத்தான் செய்தார், அந்த நியாயத்தை அவருக்கு மறுப்பதற்கில்லை. முதுகலைத் தமிழ் படித்தவளும், ஐந்தடி நான்கங்குல உயரமுள்ளவளும், தனியார் பள்ளியொன்று தமிழாசிரியர் எண்ணிக்கையைக் குறைத்தபோது வெளியே வந்து இனி எழுத்தாலேயே பிழைப்பது என்று முடிவு செய்திருந்தவளுமான மங்கையர்க்கரசி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, வளர்த்த வளர்ப்பு பிசகாமல், "நீங்களே பார்த்துக் குடுங்க அண்ணாச்சி" என்றாள். அவர் பார்த்தார். பார்த்து, இருநூறு ரூபாயும் ஒரு தாம்பூலப் பையும் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, காலையில் தரையைத் தொடாமல் நின்ற புடவைக்கரை மண்ணில் புரண்டது.

புடவையைத்தான் சரியாகக் கட்டவில்லை என்று அவள் முதலில் நினைத்தாள். மாசியில் ஒரு காதணி விழாவுக்கும், பங்குனியில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும், நெய்மிட்டாய்க் கடையொன்றின் அட்டைப்பெட்டிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் அதே வார்த்தையைச் சொன்னபோது, ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு விரற்கடை குறைந்தாள் என்பது தெரிந்துபோயிற்று. எழுதும்போது குறையவில்லை, பணத்தை வாங்கும்போதும் குறையவில்லை, அந்த வார்த்தை வாயைவிட்டுப் போகும் நொடியில், உச்சந்தலையில் யாரோ உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துவதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

வெள்ளூரணி அச்சுத்தொழில் ஊர். அங்கே பிறந்த நாள், மஞ்சள் நீர், கல்யாணம், மணிவிழா, மரணம் என்று ஒரு மனிதனுக்கு நேரக்கூடிய எல்லாவற்றுக்கும் தாளிலோ பேனரிலோ ஏதாவது அச்சாக வேண்டும், அச்சாவதற்குச் சொல் வேண்டும். பேனர் அடிப்பவன் சதுர அடிக்கு இவ்வளவு என்று முகத்துக்கு நேரே சொல்லுவான். மேகம் அச்சானாலும் அதே விலை, மாப்பிள்ளையின் மீசை அச்சானாலும் அதே விலை. புகைப்படக்காரன் ஆல்பத்துக்கு விலை சொல்லுவான், மேளக்காரர் முன்பணம் வாங்காமல் உறையிலிருந்து நாயனத்தை எடுக்கமாட்டார், பிரியாணி மாஸ்டர் ஒரு படிக்குக் கூலி பேசிவிட்டுத்தான் அடுப்பைப் பார்ப்பார். இவர்களில் ஒருவரையும் அந்த ஊர் பேராசைக்காரர் என்று சொன்னதில்லை. அதே பேனரின் நடுவில், அதே மாப்பிள்ளையின் மீசைக்குக் கீழே நிற்கும் நாலு வரிக்கு மட்டும், "நாலு வரிதானேம்மா, உனக்கு அது தண்ணி பட்ட பாடு" என்று சொல்லுவார்கள். அவள் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டு வாங்கி, யார் பெயர் முந்துவது என்று மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் நடக்கிற சண்டையைக் கேட்டு, நான்கு முறை திருத்தி, ஐந்தாவது முறை முதலில் எழுதியதையே கொண்டுபோய்க் கொடுப்பாள். அது அவர்கள் கணக்கில் நாலு வரி.

ஊர் அவள் குறைவதைக் கண்டு திடுக்கிடவில்லை. திடுக்கிட்டிருந்தால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டிவரும். அதற்குப் பதிலாக ஊர் அன்பாக இருந்தது. தையற்கடை ஜெபராணி, பாவாடையையும் ரவிக்கையையும் மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக் குறைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, "துணி மிச்சம் பாரு, எல்லாருக்கும் இந்தக் கொடுப்பினை வாய்க்குமா?" என்றாள். நகரப் பேருந்தின் நடத்துனர் ஆனி மாதத்திலிருந்து அவளுக்கு அரை டிக்கெட் கிழிக்கத் தொடங்கினார். நியாயவிலைக் கடையில் அவளுக்காக ஒரு செங்கல் கிடந்தது. அதில் ஏறி நின்று கைரேகை வைப்பாள். அவளுடைய அம்மா பேச்சியம்மாள் துணிக்கொடியைத் தாழ்த்திக் கட்டினாள், தாழ்ப்பாளைக் கதவின் பாதிக்குக் கீழே இறக்கி அடிக்கச் சொல்லி ஆசாரியை வரவழைத்தாள், குழந்தைகள் குடிக்கும் சின்ன டம்ளர் இரண்டு வாங்கி வைத்தாள், அந்த டம்ளரில் காப்பியை ஊற்றும்போது, "நாலு பேர் கூப்பிட்டு எழுதச் சொல்றாங்க, அது போதாதா? கேட்டு வாங்குறது நமக்கு அசிங்கம் தாயி" என்பாள். தங்கமாரியப்பன் அச்சகத்தில் ஒரு முக்காலி போட்டார். வருகிறவர்களிடம் அவளைச் சுட்டிக்காட்டி, "ஆள்தான் கடுகு, தமிழ் மலை" என்று பெருமையடித்தார். வந்தவர்கள் சிரித்துவிட்டு, குனிந்து, ஒரு குழந்தையிடம் பேசும் குரலில் தங்கள் வீட்டு விசேஷத்தைச் சொன்னார்கள். ஆக மொத்தம், அவளுடைய கூலியை உயர்த்துவதைத் தவிர ஒரு மனுஷிக்குச் செய்யக்கூடிய எல்லா உதவிகளையும் வெள்ளூரணி குறைவில்லாமல் செய்தது.

குறையக் குறைய அவளுக்கு வேலை கூடியது. அதிகம் கேட்காதவள் என்ற பெயர் பரவினால் கூடத்தானே செய்யும். தீப்பெட்டி ஆலையொன்றின் இணையதளத்துக்கு எழுதினாள், வரிகள் கூடிய அளவுக்குக் குறைவதும் கூடியது. அரிசி ஆலை முதலாளியின் மகன் வார்டு தேர்தலில் பேச எழுதினாள், அவன் ஜெயித்தான், ஜெயித்த பின் அவளைத் தெருவில் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டான். ஆடி மாதத்தில் கடைவீதிக்காரர்கள் ஒன்றுகூடி, இப்படியொருத்தி நம் ஊரில் இருப்பது நமக்கல்லவா பெருமை என்று, பேருந்து நிலையத்தில் அவளுக்கு ஒரு பாராட்டுப் பேனர் வைப்பதென்று தீர்மானித்தார்கள். இருபதடி அகலம். பேனர்காரனுக்குச் சதுர அடிக் கணக்கில் முழுப்பணமும் போனது. பேனரில் போடவேண்டிய வாசகத்தை யார் எழுதுவது என்ற கேள்வி வந்தபோது, தங்கமாரியப்பன் அவள் பக்கம் திரும்பி, "நீயே எழுதிரும்மா, உன்னப் பத்தி உனக்குத்தானே தெரியும். இதுக்குப் போய்க் காசு கீசுன்னு…" என்று இழுத்தார். அவள் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பேனரில் அவள் முகம் நான்கடி உயரம் இருந்தது. அதன் கீழே பேருந்துக்குக் காத்து நின்ற அவள் அவ்வளவு உயரம்கூட இல்லை.

ஆவணியில் பள்ளிக்கூடக் குழுவிலிருந்து ஆள் வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நூறாண்டு நிறைகிறது, மலர் போடவேண்டும், எண்பது பக்கம். பழைய மாணவர்களைத் தேடிப் பேசவேண்டும், செல்லரித்த பதிவேடுகளைப் படிக்கவேண்டும், நூறு வருஷத்தைச் சேர்த்து எழுதவேண்டும். மூன்று மாத வேலை. வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவர்கள் பணம் அனுப்பியிருந்தார்கள், வழவழப்பான தாளுக்கு ஆர்டர் போயிருந்தது, விருந்துக்குச் சமையல்காரர் பேசியாயிற்று. "ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வந்துரு, வேலைய ஒப்படைச்சிர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று நண்பகலில், அம்மா உரக்கடைக்குக் கூலி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மங்கையர்க்கரசி பீரோக் கண்ணாடிக்கு முன் நின்றாள். கண்ணாடியின் அடிவிளிம்பில் அவள் நெற்றி தெரிந்தது, பாதிக் கண் தெரிந்தது, அதற்குமேல் அம்மாவின் கட்டிலும் சுவரும்தான் தெரிந்தன. ஒரு நாலு வரிக்கு ஒரு விரற்கடை. எண்பது பக்கத்துக்கு அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன மிஞ்சும் என்பதற்குத் தனியாகக் கணிதம் படிக்கத் தேவையில்லை. ஜெபராணி தைத்துக் கொடுப்பதற்குத் துணி இருக்கும், உடுத்துவதற்கு ஆள் இருக்கமாட்டாள். ஊர் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை வேறு யாரையாவது, நாலு வரிதானே என்று, எழுதச் சொல்லும்.

இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. வயிற்றில் தொடங்கி, குறைந்துபோன அந்தச் சின்ன உடம்பு கொள்ளாமல் காதுமடல் வரை ஏறிய கோபம். முதலில் தங்கமாரியப்பன் மேல் வந்தது, பிறகு அம்மாவின் மேல் வந்தது, பிறகு, நெடுநேரம் நின்று, தன் மேலேயே வந்தது. ஏனென்றால் அவர் கேட்டார். ஒவ்வொரு முறையும், "எவ்வளவும்மா" என்று ஒருவர் கேட்கத்தான் செய்தார். கேட்பவர்களுக்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்பது தெரியும், அதனால்தான் கேட்டார்கள். பணத்தின் பெயரைச் சொல்லாதிருப்பதே படித்தவளின் கௌரவம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது கௌரவமல்ல. தன் உழைப்பை அளக்கும் கோலை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டு, அவன் குறைத்து அளக்கிறான் என்று வீட்டில் வந்து முனகுவது.

தரையில் உட்கார்ந்து அவள் கணக்குப் போட்டாள். ஒரு பக்கம் எழுத எத்தனை மணி நேரம், எழுதுமுன் அதற்காகப் பேசவும் அலையவும் எத்தனை மணி நேரம், திருத்தங்களுக்கு எவ்வளவு, மின்சாரம், தொலைபேசி, பேருந்து, வேலை வராத ஆடி, மார்கழி மாதங்களிலும் வயிறு இருக்கிறதே, அதற்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வாங்கிய சம்பளம் என்ன, அதற்குக் கீழே போவதானால் எதற்காகப் போகவேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தபோது பக்கத்துக்கு அறுநூறு ரூபாய் வந்தது. தொகை பெரிதாகத் தெரிந்தது. மறுபடி கூட்டினாள், அப்போதும் அறுநூறு வந்தது. குறைக்கலாமா என்று எந்தப் பக்கம் பார்த்தாலும், குறைகிற இடத்தில் அவளே இருந்தாள். எண்பது பக்கத்துக்கு நாற்பத்தெட்டாயிரம். அந்த எண்ணை வெற்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை நாக்கு குழறியது, கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இன்னும் சொன்னாள். கூசாமல் வரும்வரை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பள்ளியின் பெரிய வகுப்பறையில் நடந்தது. குழுவின் செயலாளர் சிதம்பரநாதன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மங்கையர்க்கரசிக்கே தமிழ் நடத்தியவர். அச்சிடும் பொறுப்பு தங்கமாரியப்பனுக்கு. அவள் உள்ளே வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கென்று மழலையர் வகுப்பிலிருந்து ஒரு குட்டி நாற்காலியைக் கொண்டுவந்து, புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்து, முதுகில் அவள் பெயரும் எழுதிப் போட்டிருந்தார்கள். "உனக்குன்னே செஞ்சது, உக்காரும்மா" என்றார் சிதம்பரநாதன். அந்த நாற்காலியைப் பார்த்த கணத்தில் அவளுக்கு மிச்சமிருந்த தயக்கமும் போயிற்று. அவள் உட்காரவில்லை.

"வேலை தெரியும்ல? நீ பார்த்துச் செய், நாங்க பார்த்துத் தர்றோம்" என்றார் தங்கமாரியப்பன். பிறகு, வழக்கப்படி, "எவ்வளவும்மா வேணும்?" என்றும் கேட்டார், கேட்டுக்கொண்டே அடுத்த விஷயத்துக்குத் தாளைப் புரட்டினார்.

"பக்கத்துக்கு அறுநூறு ரூபாய், அண்ணாச்சி. எண்பது பக்கத்துக்கு நாப்பத்தெட்டாயிரம்."

சொன்ன மாத்திரத்தில் அவள் வளர்ந்தாள். புடவைக்கரை தரையைவிட்டு மேலெழுந்தது. அருகிலிருந்தவர்களுக்குத் துணி விரியும் சத்தம் கேட்டது. தாளைப் புரட்டிய கை நின்றுவிட்டது.

"என்னம்மா சொன்ன?"

"நாப்பத்தெட்டாயிரம். பாதி முன்பணம்." மேலும் வளர்ந்தாள். "ரெண்டு தடவைதான் திருத்துவேன். மூணாவது திருத்தத்துக்குத் தனியாக் குடுக்கணும்." மேலும் வளர்ந்தாள். ஜெபராணி குறுக்கித் தைத்திருந்த ரவிக்கையின் தோள் தையல்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். இப்போது அவளுடைய கண்கள் அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருடைய கண்களுக்கும் மேலே இருந்தன.

அவள் குறைந்ததை ஒரு வருத்தமுமில்லாமல் ஏற்றுக்கொண்ட ஊர், அவள் வளர்ந்ததை ஏற்றுக்கொள்ளவில்லை. "பொம்பளப் பிள்ள சபையில இப்பிடியா வளர்றது?" என்றார் ஒருவர். "போனா வேற ஆளு, தலைப்பக் குடுத்தா செல்போனே எழுதுது இப்ப, அதுக்குச் சோறுகூடப் போட வேணாம்" என்றார் இன்னொருவர். சிதம்பரநாதன் சொன்னார், "நான் உனக்குச் சொல்லிக் குடுத்த தமிழ்ம்மா அது. தமிழ் நமக்குத் தாய். தாய்க்கு விலை பேசலாமா?"

"தாளுக்கு விலை பேசுனீங்க சார். மைக்குப் பேசுனீங்க. விருந்துக்கு எலைக்கு இவ்வளவுன்னு பேசி முடிச்சாச்சு. உங்க தாய்க்கு நான் விலை பேசல, என் மூணு மாசத்துக்குப் பேசுறேன்."

"நன்றி கெட்ட கழுத" என்றார் தங்கமாரியப்பன். "முக்காலி போட்டவன் நான்."

"முக்காலி தேவைப்பட வச்சதும் நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, நூறு வருஷத்துத் தாழ்ந்த வாசல் நிலை தலையில் இடிக்காதபடி பார்த்து, அவள் வெளியே போனாள்.

அதன்பின் அவளுக்கு வேலை வரவில்லை. இதை மறைத்து எழுதுவது பொய். புரட்டாசி முழுதும் வரவில்லை, ஐப்பசியிலும் வரவில்லை. குனிந்து பேசப் பழகியவர்களுக்கு நிமிர்ந்து பேசக் கழுத்து வலித்தது. கடைவீதிக்காரர்கள் பேனரை இறக்கி மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார்கள். ஜெபராணி, பழைய அளவுக்கு ரவிக்கை தைக்க இரட்டைக் கூலி கேட்டாள். மங்கையர்க்கரசி பேரம் பேசாமல் கொடுத்தாள், கேட்டது தப்பென்று அவள் நினைக்கவில்லை. பேச்சியம்மாள் ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது, "குட்டையா இருந்தப்ப நாலு வீட்டுல சோறாச்சும் போட்டாங்க" என்றாள். வீட்டில் அரிசி குறைந்தது. அவள் குறையவில்லை. பக்கத்து ஊர்ப் பித்தளைக் கடைக்காரர் ஒருவர் மட்டும் தேடி வந்து, விலையைக் கேட்டு, வாயைப் பிளந்து, போய்விட்டு, மறுநாள் முன்பணத்தோடு திரும்பி வந்தார்.

அதற்குள் குழு, செல்போனைக் கொண்டு மலரை எழுதி முடித்திருந்தது. எண்பது பக்கமும் பிழையில்லாமல் இருந்தது. எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும்படி இருந்தது. சலசலக்கும் ஆற்றங்கரையில் அமைந்த கலைக்கோயில் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது; வெள்ளூரணிக்கு ஆறே கிடையாது. அச்சுக்கு முன் சரிபார்க்க, மெய்ப்பை வெளிநாட்டுப் பழைய மாணவர்களுக்கு அனுப்பினார்கள். எந்த ஆறு இது என்று அங்கிருந்து கேட்டார்கள். பஞ்ச காலத்தில் தன் சம்பளத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றிப் பள்ளியை மூடவிடாமல் வைத்திருந்த ஞானப்பூ டீச்சர் எண்பது பக்கத்தில் எங்கே என்று கேட்டார்கள். இதுதான் மலர் என்றால் அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். விழாவுக்கு ஒரு மாதம் இருந்தது.

தங்கமாரியப்பன் ஒரு காலைப் பொழுதில் மங்கையர்க்கரசியின் வீட்டு வாசலுக்கு வந்தார். அவள் நிலைப்படியில் நின்றாள். அவர் தெருவில் நின்றார். பேச்சியம்மாள் உள்ளிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியோடு அங்கேயே நின்றாள்.

"பழசெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. மலரை நீதான் எழுதணும். பார்த்துச் செய்றோம்."

"எவ்வளவு பார்ப்பீங்க, அண்ணாச்சி?"

"நீதான் அன்னைக்கே சொல்லிட்டியே."

"நான் சொன்னது எனக்குத் தெரியும். நீங்க உங்க வாயால சொல்லுங்க."

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். கல்லாவில் ஒருநாளும் தயங்காத அந்த மனிதர், தொண்டைக்குள்ளேயே, "நாப்பத்தெட்டாயிரம்" என்றார். சொன்ன மறுநொடியில் இரண்டு கைகளாலும் வேட்டியை இடுப்போடு பிடித்துக்கொண்டு, குனிந்து, தம் காலைப் பார்த்தார்.

வேட்டிக்கரை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் ஒரு மயிரிழையும் குறையவில்லை. அவர் முகத்தில் பெரிய நிம்மதி வந்தது.

அந்த நிம்மதியை மங்கையர்க்கரசி பார்த்தாள். இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள்: தை மாதத்து அந்த முதல் நாளிலிருந்து, எந்த வார்த்தையால் எந்த உடம்பு குறைகிறது என்று தெரிந்தே கேட்டிருக்கிறார், குறையப்போவது யாரோ ஒருவர்தான், அது தாமாக இருந்துவிடக் கூடாது என்ற ஒரே கவலையோடு இத்தனை நாளும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். வயிற்றிலிருந்து காதுமடல் வரை அந்தக் கோபம் மறுபடி ஏறியது. இந்த முறை அது தங்குவதற்கு உடம்பில் போதுமான இடம் இருந்தது.

"அது மூணு மாச வேலைக்குச் சொன்ன விலை" என்றாள். "இப்ப ஒரு மாசத்துல கேக்குறீங்க. அறுபதாயிரம்."

"தாயி, தமிழுக்கு…" என்று தொடங்கிய தங்கமாரியப்பன், அவள் முகத்தை அண்ணாந்து பார்த்து, மீதியை விட்டுவிட்டார். வேட்டியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அறுபது" என்றார்.

எதிர்வீட்டுக்காரி கோலப்பொடிக் கிண்ணத்தோடு எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன.

"சரியாக் கேக்கல, அண்ணாச்சி" என்றாள் மங்கையர்க்கரசி. "தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லுங்க."